ஜீவராணி கிண்டின மாவு

அதைக் கட்லட்டுன்னு சொல்லாதீங்க. அவளும் சொல்ல விடமாட்டா, இப்பல்லாம் நானும் விடுறதில்ல. கட்லட்டுன்னா உருளக்கெழங்கு. யட்டியாந்தோட்டை டவுன்ல எந்தக் கடையில ஏறுனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கும். காலையில பொரிச்சதச் சாயந்தரம் எடுத்து நாய் மேல எறிஞ்சா நாய் கத்திக்கிட்டு ஓடும். ஜீவராணி செய்யிறது வேற சாமான். அதுல கெழங்கே கெடையாது. அதுக்குப் பேரு கொரொகெத்தா. எங்க தோட்டத்து வரிசை வீட்டு லயத்துல பாதிப் பேருக்கு அந்தப் பேரு வாயில நுழையாது, பண்டம் மட்டும் நல்லா நுழையுது.

நான் செவனம்மா. அவ காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவுல ஒத்தச் செவுரு. அங்க மொளகா வதக்குனா இங்க நான் தும்முவேன். அதனால அவளப் பத்தி நான் சொல்றதுதான் சரி. மத்தவங்க சொல்றதயெல்லாம் காதுல போட்டுக்காதீங்க.

நாங்க ரெண்டு பேரும் ஒன்னாத்தான் ரப்பர் பால் வெட்டப் போவோம். விடியும்போதே கத்தியும் வாளியுமா ஏறுனா, பட்டையில கோடு போட்டு, பால் செரட்டையில வடிய விட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள சேத்து எடுத்துக்கிட்டு ஸ்டோருக்கு வரணும். மழ பேஞ்சா வெட்டு கெடையாது. வெட்டு இல்லாட்டி அன்னிக்குப் பேரு விழாது, பேரு விழாட்டி சம்பளம் இல்ல. எங்க பக்கத்து மழ ஒங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. ஆரம்பிச்சா அதுக்கு நிக்கவே தெரியாது.

அவ புருசன் ராமச்சந்திரன் ஸ்டோருல ரப்பர் சீட்டு உருட்டுற மெசின்ல நின்னாரு. தொண்ணூத்தி மூனுல ஒரு நாள் சீட்டோட சேந்து கையும் உள்ள போயிருச்சு. மூனு வெரல் போச்சு. அதுக்கப்புறம் சீட்டக் காய வைக்கிற பொகை வீட்டுல நெருப்புப் பாக்குற வேல குடுத்தாங்க. வீட்டுல வருமானம் பாதியாப் போச்சு, மக சுதர்ஷினிக்கு அப்ப பத்து வயசு. அடுத்த வருசம் ஜீவராணி, நான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போறேன்னுட்டா.

தோட்டமே கூடிருச்சு. பொம்பள கடல் தாண்டுனா குடும்பம் வெளங்குமா, போனவ போன மாதிரியா திரும்பி வருவா, அப்படி இப்படின்னு வாய் இருக்குறவன் எல்லாம் பேசுனான். கோயில் கமிட்டிக்காரங்க வாசலுக்கே வந்து புத்தி சொன்னாங்க. இவ இஸ்தோப்புத் திண்ணையில நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டு, "மழைய நிப்பாட்ட முடிஞ்சவரு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்கண்ணே, நானும் நிக்கிறேன்"னு சொன்னா. வந்தவங்க கொடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அன்னிக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ராமச்சந்திரன் பேசவே மாட்டாரு. பொண்டாட்டி காசுல குடிச்சே அழிவான்னு ஊரு நாள் குறிச்சுச்சு. குடிக்கல அந்த மனுசன். மிச்சமிருந்த வெரல வச்சிக்கிட்டு தெனமும் காலையில மகளுக்குத் தலை பின்னி விட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாரு. பின்னல் கோணலாத்தான் இருக்கும். அதப் பாத்துச் சிரிச்சவளுங்க ரெண்டு பேரு தண்ணி புடிக்கிற பீலிக்கரையில எங்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாளுங்க.

இவ போனது லெபனானுக்கு, பெய்ரூட்டுன்னு ஒரு ஊரு. வேல செஞ்ச வீட்டு ஐயா அந்த ஊரு டாக்டரு. பொண்டாட்டி ஸ்பெயின்காரி. மதாம்னு கூப்புடணும். கூட்டுறது, தொடைக்கிறது, சமைக்கிறது எல்லாம் இவ தலையிலதான். ஆனா கொரொகெத்தா செய்யிற அன்னிக்கு மட்டும் அந்தம்மா இவள அடுப்புக்கிட்ட அண்ட விடாதாம். இவளுக்குச் சட்டி கழுவுற வேல மட்டும். ஸ்பெயின்ல வீட்டுக்கு வீடு அதுக்கு ஒரு ருசியாம், எங்கம்மா செஞ்சதுதான் ஒசத்தின்னு ஆளாளுக்குச் சண்ட புடிப்பாங்களாம். அதனால வேற ஆளு கையில குடுக்க மாட்டாங்களாம். முந்தின நாள் கோழி மிஞ்சியிருந்தா அதப் பிச்சுப் போடுமாம். ஒன்னும் மிஞ்சாட்டி உப்புல காய வச்ச மீன ஊறப் போடுமாம். இதச் சொல்லும்போதெல்லாம் இவ வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. "அக்கா, அம்மாம் பெரிய பளிங்கு வீட்டுல திங்கிறது என்னாங்கிற? கருவாடு!"

ஒரு தடவ டாக்டரோட தங்கச்சி, கடையில விக்கிற கொரொகெத்தாவ ஐசுல வச்ச பெட்டியோட வாங்கியாந்துச்சாம். மதாம் அதப் பிரிக்கக்கூட இல்லயாம். "வர்றவங்களுக்காக அடுப்புல நிக்க முடியாட்டி, வராதீங்கன்னு சொல்லிரலாமே"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுருச்சாம். ஜீவராணிக்கு அந்தப் பேச்சு ரொம்பப் புடிச்சுப் போச்சு. மதாம்கிட்ட அவளுக்குப் புடிச்சது அது ஒன்னுதான்னு நெனைக்கிறேன்.

ஏன்னா அந்தம்மா அடிக்கல, பட்டினி போடல, எல்லாம் சரி. ஆனா பாஸ்போட்ட வாங்கி அலுமாரியில பூட்டி வச்சிக்கிச்சு. ரெண்டு வருசம்னு பேசுனது நாலு வருசம் தாண்டிருச்சு. எப்பக் கேட்டாலும் நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லுச்சு. அஞ்சாவது கிறிஸ்மசு நத்தாருக்கு வீடு நெறைய விருந்தாளி. அன்னிக்குப் பாத்து மதாமுக்கு மணிக்கட்டு வீங்கிருச்சு, கரண்டி புடிக்க முடியல. வேற வழியில்லாம இவ கையில கரண்டியக் குடுத்து, நிப்பாட்டாமக் கிண்டுன்னுச்சாம்.

இவளுக்குச் சொல்லித் தரணுமா என்ன? அத்தன வருசம் அந்தச் சட்டியோட அடியச் சொரண்டுனவ. வெண்ணெய உருக்கி, மாவப் போட்டு, பச்ச வாடை போக வறுத்து, சுடு பாலக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிண்டணும். சட்டியோட ஓரத்த விட்டு மாவு தானாக் கழண்டு வர்ற வரைக்கும் கை நிக்கக் கூடாது. நின்னா அடி புடிச்சிரும், அம்புட்டும் பாழ். மதாமுக்கே நடுவுல ரெண்டு தடவ கை சோந்து போகுமாம். சின்ன வயசுலேருந்து பால் வெட்டுன கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா? கிண்டுனா. பாதியில கரண்டியத் தூக்கி வச்சிட்டா. "பாஸ்போட்"ன்னு சொன்னா.

மதாம் கத்துச்சாம். இவ கையக் கட்டிக்கிட்டு நின்னாளாம். மாவு கொப்புளம் விட ஆரம்பிச்சிருச்சு, வாசல்ல மணி அடிச்சு விருந்தாளி வர ஆரம்பிச்சிட்டாங்க. மதாம் சட்டியப் பாக்குது, இவளப் பாக்குது. கடைசியில ஓடிப் போயி அலுமாரியத் தொறந்து பாஸ்போட்டக் கொண்டாந்து மேசையில வீசிருச்சு. இவ அத எடுத்துச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு மறுபடி கிண்டுனா. அடி புடிக்கல. வந்தவங்க எல்லாம் ருசி பாத்துட்டு மதாமத் தூக்கி வச்சுப் பேசுனாங்களாம். "பேசிட்டுப் போகட்டும்க்கா, பாஸ்போட் எங்கிட்ட"ன்னு இவ சொல்லுவா.

தொண்ணூத்தொம்போதுல வந்து சேந்தா. கூரைக்குப் புதுத் தகரம் போட்டா, தரைக்கு சிமெண்டு பூசுனா, மக படிப்ப நிப்பாட்டாமப் பாத்துக்கிட்டா. கொஞ்ச நாள்லயே கத்திய எடுத்துக்கிட்டு எங்கூட வெட்டுக்கு வந்துட்டா. வெளிநாட்டுக்காரி இனிமே மலை ஏற மாட்டான்னு சொன்னவங்க மூஞ்சியில ஈ ஆடல.

ஒரு நாயித்துக்கெழம எங்க லயத்துக்கே கொரொகெத்தா செஞ்சா. வெண்ணெய்க்கு மாஜரின், பாலுக்குப் பால்மா, மீனுக்குக் கட்டாக் கருவாடு. அத ராத்திரியே ஊறப் போட்டு, உப்பு எறங்க அவிச்சு, முள்ளெடுத்து, பஞ்சாப் பிச்சிருந்தா. சாதிக்காய் கொஞ்சம் தேச்சுப் போடணுமாம். மதாம் அத சீசாவுக்குள்ள பொத்திப் பொத்தி வச்சிருக்குமாம். எங்க ஊருல அது வேலியோரம் விழுந்து கெடக்குது, இவ மடி நெறையப் பொறுக்கியாந்தா. கிண்டுன மாவு ஆறி இறுகணும், பிரிஜ் கெடையாது. சட்டியக் கொண்டு போயி பீலித் தண்ணியில எறக்கி வச்சா. பொறகு கை வெரல் நீளத்துக்கு உருட்டி, முட்டையில முக்கி, காஞ்ச பாண் ரொட்டிய இடிச்ச தூள்ல பொரட்டித் தாச்சியில போட்டா. பொன் நெறமா மெதந்து வந்துச்சு.

நான் ஒன்ன எடுத்து உடைச்சேன். வெளித்தோல் மொறுமொறுன்னு விட்டுச்சு. உள்ள பாத்தா வெள்ளையா, கொழகொழன்னு, வடியுது. "அடி ராணி, உள்ள வேகவே இல்லடி"ன்னு கத்திட்டேன். நான் மட்டுமில்ல, லயமே கத்துச்சு. ஒருத்தி அத மறுபடி எண்ணெயில தூக்கிப் போட்டுக் கரியாக்கிட்டா. எங்களச் சொல்லிக் குத்தமில்லங்க. மாவுன்னா எங்களுக்கு ரொட்டி. பஞ்ச காலத்துல அரைவேக்காட்டு ரொட்டியத் தின்னுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடந்த சனம் நாங்க. உள்ள ஈரம் தெரிஞ்சா எங்களுக்கு அது பச்ச மாவுதான்.

"வெந்ததாலதாண்டி அப்படி இருக்கு!"ன்னு அவ குதிச்சா. "அம்மாம் நேரம் நின்னு கிண்டுனேனே, கண்ணு பொட்டையா? மாவு மொதல்லயே வெந்துருச்சு. பொரிக்கிறது தோலுக்கு. வாயில போட்டுட்டுப் பேசுங்கடி." போட்டோம். தோல் பல்லுல நொறுங்குது, உள்ள இருக்குறது நாக்குல பட்டதும் காணாமப் போகுது. கடைசியில கருவாட்டு ருசி லேசா வந்து நிக்குது. அன்னிலேருந்து தீவாளின்னாலும் பொங்கல்னாலும் அவ வாசல்லதான் கூட்டம். டவுன் கடைக்காரன் ஒருத்தன், போட்டுக் குடு, நான் விக்கிறேன்னு கேட்டு வந்தான். வந்த வழியே அனுப்பிட்டா.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ரெண்டாயிரத்தி அஞ்சுல சுதர்ஷினிக்கு மாப்ள வந்துச்சு. அவ அப்ப தோட்டத்துல சின்னப் புள்ளைங்களப் பாத்துக்குற புள்ளக்காம்பராவுல டீச்சரு. ரத்தினபுரியில ஏதோ பயிற்சிக்குப் போன எடத்துல பிரதீபன்னு ஒரு பையனப் பாத்திருக்கா. எஹலியகொட பக்கத்துத் தோட்டத்துல கணக்கப்புள்ள. தங்கமான பையன். ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப் போச்சு, ஜாதகமும் ஒத்துப் போச்சு. அவன் அம்மா சுப்பம்மா மட்டும் ஒத்துப் போகல.

"அரபு நாட்டுல அஞ்சு வருசம் கெடந்தவ வீட்டுல பச்சத் தண்ணி எம் பல்லுல படாது"ன்னு அந்தம்மா அங்க சத்தியம் பண்ணுனது இங்க வந்து சேந்துச்சு. எங்க சனத்துல, பொண்ணு பாக்க வந்தவங்க சம்மதம்னாத்தான் அந்த வீட்டுல கை நனைப்பாங்க. சோறு தின்னு கை கழுவிட்டாங்கன்னா பேச்சு முடிஞ்சுச்சு. சாப்புடாம எந்திரிச்சுப் போயிட்டா முறிஞ்சுச்சு, ஊரெல்லாம் அதத்தான் சொல்லிச் சிரிக்கும். அம்மாவ மீறிட்டு வர்றேன்னு பிரதீபன் சொல்லிப் பாத்தான். சுதர்ஷினி கேக்கல. "எங்கம்மாவ மதிச்சுக் கூட்டிட்டுப் போனா வர்றேன். ஓடி வர மாட்டேன்"னுட்டா. சொல்லிட்டு உள்ள போயி அழுதா, செவுரு வழியா எனக்குக் கேட்டுச்சு. அந்தப் புள்ளைக்கு அவன் மேல உசுரு.

பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால பையனோட தாய்மாமன் ஏழுமலை வந்தாரு. வாய் ஓயாத மனுசன், ஆனா மனசு சுத்தம். சுத்தி வளச்சு, மழ, வெயிலு, ரப்பர் வெல எல்லாம் பேசிட்டு, கடைசியில தொண்டையச் செருமுனாரு. "தங்கச்சி, தப்பா நெனைக்காத. அக்கா கொஞ்சம் ஒரு மாதிரி. எங்க ஆளுங்க கேட்டா கொழும்புல வேல செஞ்சேன்னு சொல்லிரும்மா. அந்த வெளிநாட்டுப் பலகாரத்தையும் அன்னிக்குக் கண்ணுல காட்டாத. டவுன்ல ஒரு கேக்கும் சோட்டீசுப் பலகாரமும் வாங்கி வச்சிட்டா நான் பேசிச் சமாளிச்சிருவேன்."

"கொழும்பு எனக்குத் தெரியாதுண்ணே"ன்னா இவ. "ஏர்போட்டுக்குப் போற வழியில வேன் கண்ணாடியில பாத்ததுதான்."

அவரு போனதும் நான் புடிச்சுக்கிட்டேன். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "ஒனக்குக் கிறுக்கா? புள்ள வாழ்க்கைடி! ஒரு நாள் வாய மூடிக்கிட்டு ஒரு கேக்க வாங்கி வச்சா நீ என்ன கொறைஞ்சா போயிருவ?"

"கொறைஞ்சுதான் போவேன்க்கா. அன்னிக்கு மறைச்சா பேரப்புள்ள வரைக்கும் மறைக்கணும். நான் என்ன களவெடுத்துட்டா வந்தேன்? எம் புள்ளையக் கேட்டு வர்றவங்களுக்கு நான் அடுப்புல நிக்காம, கடைக்காரன் யாரோ நின்னதையா வைப்பேன்?"

"சரி, செய். கோழியாவது போட்டுச் செய். பொண்ணு பாக்குற எடத்துல கருவாடா? வெளங்கிரும்!"

"டாக்டருங்க தின்னாங்க. சுப்பம்மாக்கா டாக்டருக்கு மேலயா?"

நான் கதவச் சாத்திட்டுப் போயிட்டேன். ஆனா மறுநாள் அவ வீட்டு ஒரல்ல பாண் இடிச்சது யாருன்னா நான்தான். கோவத்துல இடிச்சதால நல்லாத் தூளாச்சு.

நாயித்துக்கெழம வேன் வந்துச்சு. சுப்பம்மா கத்திரிப்பூ சேலையில எறங்குச்சு. நாக்காலி நுனியில உக்காந்துக்கிட்டு, தகரம், தரை, அலுமாரி எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்துச்சு. தேத்தண்ணி வந்துச்சு. எல்லாரும் குடிச்சாங்க, அந்தம்மா கோப்பை அப்படியே ஆடை கட்டிக் கெடந்துச்சு. உள்ள ஜீவராணி சோறும் கோழியும் ஆக்கி மூடி வச்சிருந்தா. நான் உள்ள போயி அந்த மூடியத் தொறந்து தொறந்து பாத்துட்டு வந்தேன்.

சுதர்ஷினி கொரொகெத்தாத் தட்டக் கொண்டாந்து வச்சா. ஏழுமலை மெசின் ஓடுற மாதிரி மூச்சு விடாமப் பேசிக்கிட்டிருந்தவரு, ஒன்ன எடுத்து வாயில போட்டாரு. பேச்சு நின்னுருச்சு. இன்னொன்னு எடுத்தாரு. வேன் வந்த வழியப் பத்தி ஆரம்பிச்ச கதைய அவரு முடிக்கவே இல்ல. சுப்பம்மாவுக்கு அதத் தாங்க முடியல. தம்பி வாய் மூடி, அவரு பொறந்ததுலேருந்து அந்தம்மா பாத்திருக்காது.

"என்னடா அது?"ன்னு கேட்டுக்கிட்டே தட்டுலேருந்து ஒன்ன எடுத்து ரெண்டா உடைச்சுச்சு. உள்ள வெள்ளையா வடிஞ்சுச்சு. அவ்வளவுதான், எந்திரிச்சிருச்சு. "அய்யய்யோ! மாவு வேகவே இல்ல! பச்ச மாவ எந் தம்பிக்குக் குடுக்குறா பாரு! ஏழுமலை, துப்புடா!"

ஏழுமலை துப்பல. மூனாவத எடுத்தாரு. அந்தம்மா இன்னொன்ன உடைச்சுச்சு, அதுவும் வடிஞ்சுச்சு. "பாருங்க! பாருங்க எல்லாரும்! அஞ்சு வருசம் வெளிநாட்டுல இருந்தவளுக்கு மாவு வேக வைக்கத் தெரியல!" சுதர்ஷினி மூஞ்சி சுண்டிப் போச்சு. பிரதீபன், "அம்மா"ன்னான். எனக்கு வாய் துறுதுறுன்னுச்சு, நல்லாக் கேட்டுரலாமான்னு. ஜீவராணி என் கையப் புடிச்சு அமத்திட்டு முன்னால வந்தா.

"பாத்தா தெரியாதுக்கா. வாயில போட்டாத்தான் வெந்துச்சா இல்லையான்னு தெரியும். போட்டுப் பாருங்க. வேகலன்னா இந்தத் தரையிலயே துப்புங்க. நான் தொடைச்சிட்டு, ஒரு பேச்சுப் பேசாம ஒங்கள வேன் வரைக்கும் கொண்டாந்து விடுறேன்."

சுப்பம்மாவுக்கு இதவிட வேற என்ன வேணும்? தரையில துப்பிட்டுப் போறதுன்னா தண்ணி குடிக்காமப் போறதவிடப் பெருசு. துப்புறதுக்குன்னே ஒன்ன எடுத்து முழுசா வாயில போட்டுச்சு. கடிச்சுச்சு. மொறுக்குன்னு சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. துப்புறதுக்குத் தலையக்கூடக் குனிஞ்சுச்சு. குனிஞ்சபடியே நின்னுச்சு. நாங்க எல்லாரும் அந்தம்மா தொண்டையத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். தொண்டை ஏறி எறங்குச்சு.

"உள்ள என்ன?"ன்னு கேட்டுச்சு, மெதுவா.

"கருவாடு."

"கருவாடா? வாடையே இல்லையே." தட்ட உத்துப் பாத்துட்டு, "இது ஒன்னு எப்படியோ வெந்திருக்கு. மத்ததெல்லாம் பச்சையாத்தான் இருக்கும்"னு சொல்லி இன்னொன்ன எடுத்துச்சு. அதத் தின்னுட்டு, ஓரத்துல இருந்தது சந்தேகமா இருக்குன்னு அதையும் எடுத்துச்சு. நான் சேலத் தலப்ப வாயில அடைச்சுக்கிட்டேன், சிரிப்பு வெளிய வந்துராம.

ஏழுமலைக்கு வாய் திரும்பி வந்துருச்சு. "அப்பறம் என்னக்கா? இந்த வீட்டுல சாப்புட்டாச்சு. பேச்ச முடிச்சிரலாமா?"

"எவடா சாப்புட்டா?" அந்தம்மா சீறுச்சு. "வெந்துச்சா வேகலையான்னு பாத்தேன். வேகாத மாவ ருசி பாத்தா அது சாப்பாடாயிருமா?"

அவங்க ஆளுங்க அதுக்கும் தலையாட்டுறாங்க. ஜீவராணி குனிஞ்சு தட்டத் தூக்கிட்டா. தூக்கும்போது அந்தம்மா கை தட்டுப் பக்கம் நீண்டு, பாதியில நின்னுச்சு. அத நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

"வேகலன்னா வேகலன்னு சொல்லுங்க. வெந்துருச்சுன்னா வெந்துருச்சுன்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல எம் மகளத் தொங்க விடாதீங்க." அவ கொரலு எறங்கல. "தின்னுட்டீங்க, இனிமேப் பொண்ண எடுத்துத்தான் ஆகணும்னு நான் வழக்குப் பேச மாட்டேன். அப்படி ஏமாத்திக் கட்டிக் குடுக்க எம் புள்ளைக்கு என்ன கொறை? ஒன்னே ஒன்னு கேளுங்க. இத எங்க கத்துக்கிட்டேன்னு கேளுங்க."

சுப்பம்மா அவள ஏற எறங்கப் பாத்துச்சு. "எங்க கத்துக்கிட்ட?"

"லெபனான்ல. ஒரு ஸ்பெயின்காரி வீட்டுல சட்டி கழுவிக் கத்துக்கிட்டேன். அஞ்சு வருசம் மாடா ஒழைச்சேன்க்கா. தலை குனியுற மாதிரி ஒரு காரியமும் செய்யல. அந்தச் சம்பளத்துலதான் இந்தப் புள்ள படிச்சுச்சு. ஒங்க மகன் ஆசப்பட்டது அந்தப் படிச்ச புள்ளையத்தான். அப்ப நான் போனது தப்பா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

மூலையில நின்ன ராமச்சந்திரன் அன்னிக்கு மொத தடவையா வாயத் தொறந்தாரு. "தலை பின்னி விட்டது நான்தாங்க"ன்னாரு. மூனு வெரல் இல்லாத அந்தக் கைய சுப்பம்மா பாத்துச்சு, பொறகு சுதர்ஷினியோட நீளப் பின்னலப் பாத்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துருச்சு.

"கலியாணத்துக்கு எங்க சனம் பூரா வரும்"னு சுப்பம்மா கடுகடுன்னு சொல்லுச்சு. "இது என்ன, எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"சம்பந்தி கடல் தாண்டிப் போயிக் கத்துக்கிட்டு வந்ததுன்னு சொல்லுங்க. பேரு வாயில நுழையலன்னா நான் சொல்லித் தாரேன்."

அந்தம்மா விசுக்குன்னு எந்திரிச்சு வாசலுக்கு நடந்துச்சு. முடிஞ்சுச்சுடா சாமின்னு நெனைச்சேன். பிரதீபன் பின்னாலேயே ஓடுனான். வேன் டிரைவர் கூட பீடியக் கீழ போட்டுட்டான். வாசப்படியில நின்னு சுப்பம்மா திரும்பிப் பாத்துச்சு. ரெண்டு கைவெரல்லயும் பாண் தூளும் எண்ணெயும்.

"ஏன் புள்ள, கை கழுவ ஒரு செம்புத் தண்ணி குடுக்க மாட்டியா? சோத்துக்கு உக்கார வேணாமா?"

சுதர்ஷினி ஓடி வந்த வேகத்துல பாதித் தண்ணி தரையில ஊத்திருச்சு. மிச்சத்த அந்தம்மா கையில ஊத்துனா. சுப்பம்மா நெதானமாக் கழுவி, சேலையில தொடைச்சிட்டு, உள்ள வந்து பாயில சம்மணம் போட்டு உக்காந்துச்சு. ஜீவராணி எல போட்டா, சோறு வச்சா, கோழி ஊத்துனா. கொரொகெத்தாத் தட்ட எடுத்துக்கிட்டு அவ உள்ள போகப் போனப்ப, சுப்பம்மா அந்தத் தட்டோட ஓரத்தப் புடிச்சு இழுத்துத் தன் எலைக்குப் பக்கத்துல வச்சுக்கிச்சு.

"இங்கயே இருக்கட்டும் சம்பந்தி. வெந்துச்சான்னு நான் இன்னும் முடிவா சொல்லல."